டொபிப் பொட்டலம்

குழந்தையின் வாயைப் பரிசோதித்த பல் வைத்தியர் வியப்புற்றார்.

"ஒரு சூத்தைப் பல்லுகூட இல்லையே! பிள்ளையை நல்லாப் பாத்துக்கிறீங்க."

யசோதாவின் முகம் பெருமிதத்தால் மலர்ந்தது.

வீடு திரும்பியதும், விருந்தினர் தந்திருந்த டொபி மிட்டாய்களைக் கேட்டுக் குழந்தை அடம்பிடித்தது.

"வேணாங் கண்ணு, பல்லு போயிரும்" என்று கூறி, அவற்றை வழக்கம்போல் பொட்டலமாகக் கட்டி வைத்தாள்.

மாலையில், அவள் வேலை செய்யும் அந்தக் கண்டி வீட்டின் பின்வாசலுக்கு, ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்திலிருந்து அவளுடைய கணவன் வீரய்யா வந்தான். பொட்டலத்தை அவனிடம் கொடுத்தாள்.

"நம்ம புள்ளைக்குப் பல்லெல்லாம் கறுத்துப்போச்சு. வலியில துடிக்கிறா" என்றான் அவன்.

யசோதா பொட்டலத்தைப் பறித்துக்கொண்டாள். "இனிமே இதக் குடுக்காதீங்க!"

"குடுக்காட்டி, அம்மா எங்கன்னு கேட்டு அழுவுறாளே."

யசோதா பொட்டலத்தை மீண்டும் அவனிடமே நீட்டினாள்.