தரையில் படாத கல்

"கல்லைக் கீழ வெச்சிட்டு ஒண்ணுக்குப் போயேன்யா. மலை ஒண்ணும் கோவிச்சுக்காது."

"கீழ வெச்சா அத்தனையும் பாழு. நீ வந்து பொத்தானை அவுத்து விடு" என்றான் மெலித்தோன்.

ஹசிந்தா பிள்ளைகள் இருவரையும் அந்தப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டுப் புருஷனின் கால்சட்டைப் பொத்தானை அவிழ்த்தாள். அவன் தோளில் ஒரு ஆட்டுக்குட்டி கனத்துக்குக் கல் இருந்தது. இரண்டு கையாலும் அதைப் பிடித்துக்கொண்டு, வானத்தைப் பார்த்தபடியே காரியத்தை முடித்தான்.

அடிவாரத்து ஓடையில் ஆளுக்கொரு கல் எடுத்துக் கணவாய் உச்சியில் இருக்கும் குவியலில் சேர்ப்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். வழியில் கல் தரையில் படக் கூடாது. கல்லை வைக்கும்போது வேண்டுதலை மனசுக்குள் மலையிடம் சொல்ல வேண்டும். அதற்கு முன்னால் அது யார் காதிலும் விழக் கூடாது.

பத்து வயது ரோஸ்மெரியும் ஆறு வயது வில்பெரும் கைக்கு அடக்கமாக ஆளுக்கொன்று எடுத்தார்கள். ஹசிந்தா மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கூழாங்கல்லைப் பாவாடையில் முடிந்துகொண்டாள். மெலித்தோன் மட்டும் முழங்கால் தண்ணீரில் இறங்கி, புரட்டிப் புரட்டிப் பார்த்து இதைத் தூக்கிக்கொண்டு வந்தான். எதற்கு இவ்வளவு பெரிசு என்று கேட்டதற்கு, "நான் கேக்கப்போறது பெருசு" என்றான்.

அது என்னவென்று ஹசிந்தாவுக்குத் தெரியாதா? அவன் வேலை பார்க்கும் கல் குவாரிக்கு மெஷின் வரப்போகிறது, திருவிழா லீவு முடிந்ததும் பாதிப் பேரை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள் என்று பேச்சு அடிபட்டுக்கொண்டிருந்தது. கல் சுமப்பதைத் தவிர அவனுக்கு வேறு வேலை தெரியாது. வேலை போனால் பானையில் உருளைக்கிழங்குகூட வேகாது. அந்தக் கவலையில் அவளுக்குத் தூக்கம் போய் ஒரு வாரம் ஆயிற்று. அதனால்தான் அவன் கல்லை அவளால் திட்டவும் முடியவில்லை.

மலைக்கு வந்ததே ரோஸ்மெரியின் நச்சரிப்பால்தான். எங்கிருந்தோ வருகிற வெள்ளைக்காரர்கள் எல்லாம் கணவாய்க்கு அப்பால் ஏரிக்கரையில் டென்ட் அடித்துத் தூங்குகிறார்கள், மலைக்குக் கீழேயே பிறந்த நாம் ஒரு நாளாவது தூங்கினோமா என்று கேட்டுக் கேட்டு உயிரை எடுத்துவிட்டாள். அந்த வெள்ளைக்காரர்களுக்குச் சுமை தூக்கப் போகும் சித்தப்பா ஒரு பழைய டென்ட்டை இரவல் கொடுத்திருந்தார்.

டென்ட், பானை, கம்பளி, கிழங்கு எல்லாம் ஹசிந்தாவின் முதுகில். பாதி ஏற்றத்தில் வில்பெர் கால் வலிக்கிறது என்று உட்கார்ந்துவிட்டான். அவனைத் தூக்குவதற்காகப் பானையை ஒரு பாறைக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள். இன்னும் கொஞ்சம் ஏறியதும் மூச்சு வாங்கியது. டென்ட்டையும் ஒரு புதருக்குள் திணித்தாள்.

ரோஸ்மெரி அழுதே விட்டாள். "டென்ட்டுல படுக்கத்தானே வந்தோம்?"

"நாளைக்கு எறங்கும்போது எடுத்துக்கலாம் புள்ள" என்றான் மெலித்தோன், கல்லுக்கு அடியிலிருந்து.

"நாளைக்கு எதுக்குப்பா டென்ட்டு? வீட்டுக்குள்ளயா அடிக்கப்போறோம்?"

அவன் பதில் சொல்ல வாயைத் திறந்தான். ஹசிந்தா ஒரு அவித்த கிழங்கைத் தோலுரித்து உள்ளே வைத்தாள். பின்னாலேயே, களைப்புக்கு மெல்லும் கோக்கா இலை நாலையும் திணித்தாள்.

எதிரே இறங்கிவந்த ஒரு வெள்ளைக்காரத் தம்பதி ஒதுங்கி நின்று, தொப்பியைக் கழற்றினார்கள். அந்த அம்மாள் ரோஸ்மெரியிடம் குனிந்து, உன் அப்பா என்ன பாவத்துக்காக இப்படிச் செய்கிறார் என்று உடைந்த ஸ்பானிஷில் கேட்டாள். ரோஸ்மெரி மூக்கைத் துடைத்துக்கொண்டு, அவர் தினமும் இதைத்தான் செய்கிறார் என்றாள். அந்த அம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது.

கணவாயில் காற்று ஆளைத் தள்ளியது. பிள்ளைகள் கற்களைப் போட்டார்கள். வில்பெர் நாய்க்குட்டி கேட்டானாம். ரோஸ்மெரி டென்ட் கேட்டாளாம். ஹசிந்தா முடிச்சை அவிழ்த்து, குவியலின் ஓரத்தில் ஒரு குழிவு பார்த்துக் கூழாங்கல்லை வைத்தாள். கண்ணை இறுக மூடிக் கேட்டுக்கொண்டாள்.

அவள் நகர்ந்ததும் மெலித்தோன் வந்தான். அந்தக் குழிவுதான் அவன் கல்லுக்கும் தோதாக இருந்தது. முக்கி முனகி இறக்கினான். குவியலே அதிர்ந்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்ல நிமிர்ந்தவன், வேலைக்குப் போன நாள் முதல் யாரும் பார்க்காத ஒரு சிரிப்புச் சிரித்தான்.

"இப்பச் சொல்லலாம்ல? என்னப்பா கேட்டீங்க?" என்று பிள்ளைகள் மொய்த்தார்கள்.

"இதுதான் கடைசிக் கல்லு. இனிமே என் ஆயுசுக்கும் நான் கல்லு தூக்கவே கூடாதுன்னு கேட்டேன்."

ஹசிந்தா குவியலுக்குத் திரும்பி வந்து அவன் கல்லை ஒரு கையால் தள்ளிப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"யோவ், அந்தக் கல்லை ஒரு தடவை தூக்குய்யா. அடியில என்னுது கெடக்கு. சாகுற வரைக்கும் கல்லு சுமக்கிற வேலை உன்னைவிட்டுப் போகவே கூடாதுன்னு கேட்டு வெச்சிருக்கேன்."