கசப்புக் கீரைச் சாறு

டாக்டர் இபிதுன் அந்தத் தண்ணீர்ப் பாக்கெட்டைக் கையால்கூடத் தொடவில்லை.

"அங்கேயே வையுங்கம்மா" என்று மேசை ஓரத்தைக் காட்டிவிட்டு, பிளாஸ்க்கைத் திறந்து தனக்கு வெந்நீர் ஊற்றிக்கொண்டார். இபாதான் நகரத்து வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானம். ஐஸில் கிடந்ததாகப் பார்த்து வாங்கி வந்த ரிஸிகத்துக்கு முகம் சுண்டிப் போயிற்று. படித்த திமிர், வேறென்ன!

ரிஸிகத் சந்தையில் மெஷின் வைத்து மிளகாய் அரைத்துக் கொடுப்பவள். காலையிலிருந்து பல்கலைக்கழகத்தின் இந்த ஆய்வுக்கூட வாசலில் காத்துக் கிடந்தவளை இப்போதுதான் உள்ளே விட்டிருந்தார்கள். உடம்பெல்லாம் அலுப்பு. வீட்டில் நோயோடு கிடக்கும் புருஷன் கரீமுவை நினைத்துத்தான் பொறுத்துக்கொண்டாள்.

"டாக்டரம்மா, எங்க வீட்டுக்காரருக்குப் பெருங்குடல்ல கேன்சர். நம்ம எவூரோ கசப்புக் கீரையில அதுக்கு மருந்து கண்டுபிடிச்சிட்டீங்கன்னு ரேடியோவுல சொன்னாங்க. ஒரே ஒரு பாட்டில் குடுங்க. ஆயுசுக்கும் மறக்க மாட்டேன்."

டாக்டர் கண்ணை மூடித் திறந்தார். வருகிறவர்களிடமெல்லாம் இதையே சொல்லிச் சொல்லிச் சலித்துப்போன முகம்.

"கண்ணாடித் தட்டுல வளர்த்த கேன்சரை இது கொல்லுது, நிஜம்தான். சோப்புத் தண்ணிய ஊத்தினாலும்தான் அது சாகும். மனுஷன் வயித்துக்குள்ள போனா என்ன பண்ணும்னு எனக்கே தெரியாதும்மா. அதை ரேடியோக்காரன் சொல்லாம விட்டுட்டான்."

"நாங்க குழம்பு வச்சுத் திங்கிற கீரைதானே?"

"குழம்பு வேற, இது வேற. காயோதே, அதை எடுத்துக் காட்டு."

அறையின் அந்தக் கோடியிலிருந்து உதவியாளன் காயோதே எழுந்து வந்தான். டாக்டரின் முழங்கைக்குப் பக்கத்திலேயே இருந்த ஃபிரிட்ஜைத் திறந்து, கரும்பச்சைச் சாறு நிறைந்த பாட்டிலை மேசைமேல் வைத்தான். கை நீட்டினால் எட்டுகிற ஃபிரிட்ஜ். அதைத் திறக்கக்கூட மகாராணிக்கு ஆள் வேண்டியிருக்கிறதே என்று ரிஸிகத் பொருமினாள்.

"ஒரு மூட்டைக் கீரையை வத்த வச்சு எடுத்தது இது. ஆஸ்பத்திரி மருந்தோட சேர்ந்தா ஈரலையே கெடுத்தாலும் கெடுக்கும். அவருக்கு மருந்து ஏத்துறாங்களா?"

"ஒரு தரம் ஏத்தினாங்க. போதும் போதும்னு ஆயிடுச்சு. ரெண்டு மூட்டை மிளகாயை ஒத்தைத் தோள்ல தூக்குற மனுஷன், பச்சைத் தண்ணியத் தொட்டா விரலெல்லாம் முள்ளு குத்துதுன்னு அலறுறாரு. வர்ற செவ்வாய்க்கிழமை மறுபடி வரச் சொல்லியிருக்காங்க. செத்தாலும் போக மாட்டேன்னு படுத்துட்டாரு. அதான் உங்ககிட்ட ஓடி வந்தேன்."

"முள்ளு குத்துறது கொஞ்ச நாள்ல அடங்கிரும். அதுவரைக்கும் வெந்நி குடிக்கச் சொல்லுங்க. செவ்வாய்க்கிழமைய மட்டும் விட்டுராதீங்கம்மா. இப்ப நிறுத்திட்டா நோய் கை மீறிப் போயிரும்."

ரிஸிகத்துக்குப் பொறுக்கவில்லை. மிளகாய்க் காரம் ஏறிச் சிவந்த கையால் மேசையை ஓங்கித் தட்டினாள்.

"சொல்றது சுலபம்! அவரு வாந்தி எடுக்கிறதைக் கையில ஏந்துறவ நான். உங்க குடல்ல வந்திருந்தா, இப்படி வெந்நி குடிச்சுக்கிட்டு நியாயம் பேசுவீங்களா? இந்தப் பாட்டிலை ஒரே மடக்குல காலி பண்ணியிருக்க மாட்டீங்க?"

காயோதே பதறிப்போய், "அம்மா, பேசாம இருங்க" என்றான். டாக்டர் அவனைக் கையமர்த்தினார். அவருக்குக் கோபம் வரவில்லை. பாட்டிலையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "உள்ள வச்சுப் பூட்டிடு" என்றார்.

காயோதே பூட்டினான். ரிஸிகத்துக்கு இருந்த ஒரே நம்பிக்கையும் உள்ளே போய்விட்டது. தலைத்துணியின் முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

டாக்டர் வெந்நீர்த் தம்ளரை இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்துக்கொண்டார்.

"செவ்வாய்க்கிழமை அவரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு வாங்கம்மா. எனக்கும் அன்னைக்குத்தான் ஏத்துறாங்க."