ஆந்தை இறகும் கூரை விசிறியும்

மத்தியான வெயில் ஜன்னல் வழியே வந்து, கட்டிலின் சுவரோரப் பாதியில் கால் நீட்டிப் படுத்திருக்கிறது. மறுபாதியில் ஸ்க்ரூடிரைவர், பசை டப்பா, பூதக்கண்ணாடி, ஓர் ஆந்தை இறகு. இறகின் முன்விளிம்பில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக இழைகள். காற்றைக் கிழிக்காமல் அவை வகிடெடுத்து விடுவதால்தான் ஆந்தை வருவது எலிக்குக்கூடக் கேட்பதில்லை. அதே பற்களை மெல்லிய பிளாஸ்டிக்கில் வெட்டி, கூரை விசிறியின் மூன்று இறக்கைகளிலும் ஒட்டிவிட்டு ஸ்டூலிலிருந்து இறங்குகிறார் என்ஜினியர். விசிறிக் கம்பெனியில் முப்பது வருஷ வேலை. சொந்த வீட்டு விசிறிக்கு இப்போதுதான் நேரம் வாய்த்திருக்கிறது. "ம், போடும்மா." மகள் சுவிட்சைத் தட்டுகிறாள். திரைச்சீலை எழும்புகிறது, இறகு உருண்டு தலையணையில் ஒதுங்குகிறது. விசிறி மட்டும் மூச்சுக் காட்டவில்லை. "அப்பா, சத்தமே இல்லப்பா! அம்மா மட்டும் இருந்திருந்தா..." என்றவள் நாக்கைக் கடித்துக்கொண்டு, டீ போடப் போகிறாள். விசிறி இரையும்போதெல்லாம் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தபடி மனைவி ஏதோ சொல்வாள். "என்னது?" என்று இவர் கத்துவார். "ஒண்ணுமில்ல, தூங்குங்க" என்பாள். இருபத்தாறு வருஷத்து ஒண்ணுமில்லை. அவர் சாமான்களை ஓரமாகத் தள்ளிவிட்டு, வெயிலின் மேல் கை படாமல் தன் பாதியில் படுக்கிறார். சுவர்ப்பக்கம் திரும்புகிறார். "இப்ப சொல்லு," என்கிறார், கத்தாமல். "கேக்குது."