ஞாபகத்துக்கு ஒரு டம்ளர்

கடகடவென்று தகர டப்பாக்கள் உருளுகிற சத்தம் கீழக்குயில்குடித் தெருமுனை வரைக்கும் கேட்டது. பூனைதான் புகுந்துவிட்டதாக்கும் என்று விருமாண்டி தன் அக்கா வீட்டுக்குள் எட்டிப் பார்த்தால், பரண் மேல் நின்றது மச்சான் அருள்பாண்டி.

“என்ன மச்சான் தேடுறீக?”

“சுபலட்சுமியோட டி.சி. மாப்ள. பத்திரமாத்தான் வச்சேன். எங்கன வச்சேன்னுதான் தெரியல.”

“பன்னெண்டு மணிக்குள்ள பசுமலை காலேஜ்ல கொடுக்கணும். இல்லைன்னா சீட்டு போச்சு,” என்றாள் உளுந்து புடைத்துக்கொண்டிருந்த அக்கா முத்துத்தாய். “குடிச்சுப்புட்டு வச்சா இப்படித்தான். மறுநாளே இனிக் குடிக்க மாட்டேன்னு கோயில்ல கயிறு கட்டிட்டாரு. நாப்பது நாளாச்சு. கயிறு இருக்கு, டி.சி.யைக் காணோம்.”

வாசலில் புதுச் செருப்போடு நின்ற மகள் சுபலட்சுமிக்குக் கண் கலங்கியிருந்தது.

விருமாண்டிக்கு முகம் மலர்ந்தது. “அக்கா, சலூன்ல ஒரு புத்தகத்துல படிச்சேன். போதையில வச்சது போதையிலதான் ஞாபகம் வருமாம். தெளிஞ்ச மூளைக்கு அந்த அறைச் சாவி கிடைக்காதாம். மச்சானுக்கு ஒரே ஒரு டம்ளர் ஊத்துனா...”

“மிச்சத்துக்கு நீ இருக்க,” என்றார் மச்சான், பரணிலிருந்து இறங்கியபடி.

“இது சயின்ஸ் மச்சான். எனக்கெதுக்கு அந்தக் கருமம்?”

முத்துத்தாய் மணியைப் பார்த்தாள். பத்தரை. சொளகைக் கீழே வைத்தாள்.

“இவரு ஒளிச்சு வச்ச பிராந்தி பாட்டில் ஒண்ணு அடுப்படியில கெடக்கு. இருங்க, வாரேன்.”

அடுப்படியில் அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. ஒரு கையில் அரை பாட்டிலும் மறு கையில் நிறைந்த டம்ளருமாக வந்தாள். கயிறு கட்டிய மனுசனுக்குப் பெண்டாட்டியே ஊற்றித் தருகிறாளே என்று விருமாண்டிக்கே ஒரு கணம் கூசியது. ஒரு கணம்தான்.

அருள்பாண்டி மணிக்கட்டைப் பார்த்தார். “கயிறு கெடக்கே, முத்து.”

“குடிங்க. சாமிகிட்ட நான் பேசிக்கிறேன்.”

டம்ளரை மூக்கருகே கொண்டுபோனார். அவள் முகத்தைப் பார்த்தார். ஒரே மடக்கு.

அவ்வளவுதான். கால் பின்னியது, நாக்குக் குழறியது. சுவரோடு சண்டை போட்டு, ஆட்டுக்குட்டிக்கு வணக்கம் வைத்து, தள்ளாடித் தள்ளாடிக் கொல்லை வாசலைத் தாண்டும்போது நிலையில் தலை ணங்கென்று இடித்தது. அப்படியே நின்றார்.

“அன்னைக்கும் இங்கனதான் இடிச்சேன். இடிச்சுட்டு மேல பாத்தேன்...”

நிலைக்கும் ஓட்டுக்கும் நடுவே இருந்த சந்தில் கையை விட்டார். மஞ்சப்பை வந்தது. உள்ளே டி.சி.

பையை வாங்கிக்கொண்டு சுபலட்சுமி பஸ்ஸுக்குப் பறந்தாள். அம்மாவும் அப்பாவும் வழியனுப்ப வாசலுக்குப் போன நேரம், விருமாண்டி பாட்டிலை எடுத்து வாயில் கவிழ்த்தான்.

ஆறிப்போன வரக்காப்பி.

துப்பினால் திருட்டு வெளியே தெரியும். கன்னம் உப்ப நின்றான். அப்படியென்றால் மச்சான் ஆடிய ஆட்டம்?

வாசலிலிருந்து நூல் பிடித்தாற்போல் நேராக நடந்து வந்த அருள்பாண்டி, பெண்டாட்டி காதருகே குனிந்தார்.

“ஆடிப் பாத்தாலே ஞாபகம் வந்துருது முத்து. அடுத்த தடவை கொஞ்சம் சீனி போடு.”

முத்துத்தாய் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்து, உளுந்துச் சொளகை எடுத்து விட்ட இடத்திலிருந்து புடைக்கத் தொடங்கினாள்.