லோன் வேண்டாம் மேடம்

வீட்டில் அயர்ன் பாக்ஸை அணைக்காமல் வந்தது கால் சென்டரில் உட்கார்ந்த பிறகுதான் ஜெசிந்தாவுக்கு உறைத்தது. செல்போனை வாசலிலேயே வாங்கி வைத்துக்கொள்வார்கள். ஆபீஸ் லைனிலேயே வீட்டிலிருந்த கணவனைக் கூப்பிட்டாள். பேசுகிறவரின் குரலையும் வார்த்தையையும் நயமாக மாற்றி அனுப்ப அந்த லைனில் ஒரு மிஷின் உண்டு; வழக்கம்போல் அது அவளது தூத்துக்குடிப் பேச்சை இழைத்து, தேன் தடவி அனுப்பியது.

"ஏங்க, நான்தான்..."

"லோன்லாம் வேண்டாம் மேடம்." வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டபோதும் அதே பதில்.

மூன்றாம் முறை, சொல்ல வந்ததையே மறந்து கத்தினாள். "கூறுகெட்ட மனுசா, காதுல பஞ்சா வச்சிருக்க?" மிஷின் அதையும் இழைத்தது.

"எவ்வளவு தன்மையா பேசுதீங்க மேடம். என் வீட்டுக்காரின்னா இந்நேரம் ஏசித் தீர்த்திருப்பா," என்றான் அவன். "சரி, வைக்கேன். உள்ள என்னமோ கருகுத வாடை வருது."