ஒருவர் மட்டும் அமரவும்

என் லேப்டாப் திறப்பதற்குள் எங்கள் சுங்கை புரோங் வயலில் நெல் நட்டு, அறுத்து, சோறாக்கிச் சாப்பிட்டுவிடலாம். போன வாரம் அதன் டிஸ்க் செத்தே போனது. போன நோன்பு மாதத்தில் மவுத்தாகி என்னைத் தனியே விட்டுப்போன என் மனைவி சபுராவின் வீடியோக்கள் அதில்தான் இருந்தன. ஒன்றும் மிஞ்சவில்லை. நடமாடும் சபுராவைப் பார்க்க எனக்கு வேறு வழியில்லை.

பக்கத்து ஊர் சுங்கை பெசாரில் புது டிஸ்க் வாங்கிப் போட்டு, மகள் ஆஃப்ரீன் போனில் சொல்லச் சொல்ல, எல்லாவற்றையும் முதலிலிருந்து பதிந்தேன். கடைசியில் பாஸ்வேர்டுக்குப் பதிலாக முகத்தைக் காட்டச் சொன்னது லேப்டாப். காட்டினேன்.

‘இரண்டு முகங்கள் தெரிகின்றன. ஒருவர் மட்டும் அமரவும்.’ ஆஃப்ரீனுக்கு அதைப் படித்துக் காட்டினேன்.

“பக்கத்துல யாரு வாப்பா?”

“யாருமில்லம்மா. என் ஒரு மூஞ்சியே ரெண்டு பேரு அளவு இருக்கு லா!”

எழுபது தடவை காட்டினேன். சரி, ஏழு தடவை. ஏழிலும் இரண்டு முகங்கள்.

முன்பெல்லாம் நான் வீடியோ காலில் யாரோடு பேசினாலும் சபுரா என் தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பாள்.

எட்டாவது தடவை நான் எழுந்து ஓரமாக நின்றேன்.

‘முகம் பதிவானது. நன்றி.’

இப்போது லேப்டாப் மின்னலாகத் திறக்கிறது. நான் நாற்காலியை விட்டு நகர்ந்தால் போதும்.