விழுந்துகொண்டே இருந்தவள்

"நாளையிலேர்ந்து நீ வராதே. உனக்கு இது வரவே வராது."

வீட்டு வாசலில் காரை நிறுத்திய கையோடு அண்ணி சொல்லிவிட்டாள். பக்கத்து இருக்கையில் நாத்தனார். தலைமுடியிலிருந்து கடல் தண்ணீர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

அண்ணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்ததில் நியாயம் இல்லாமல் இல்லை.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை அவளுக்கு. நாளெல்லாம் ஜன்னலில்லாத அறை. ஒருநாள் கடற்கரைக்குப் போனபோது, பெரிய பட்டம் ஒன்று இழுக்க, காலில் பலகை மாட்டிய ஒரு பெண் தண்ணீர்மேல் சறுக்கிக்கொண்டு போவதைப் பார்த்தாள். அன்றைக்கே பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டாள்.

"தையல் கிளாஸைப் பாதியில விட்ட. கிடாரைப் பாதியில விட்ட. இதையும் பாதியில விடத்தான் போற, பாரு," என்று கணவன் சிரித்தான்.

"நானும் வரேன் அண்ணி," என்று கூடவே ஒட்டிக்கொண்டாள் அவன் தங்கை. படிப்பை முடித்துவிட்டு, வேலையில் சேரும் நாளுக்காக அவர்கள் வீட்டில் காத்திருந்தவள்.

வேவு பார்க்கத்தான் வருகிறாள் என்று அண்ணிக்கு அப்போதே ஒரு சந்தேகம்.

இந்தப் பயிற்சியில் முதல் கண்டமே தண்ணீரிலிருந்து எழுந்து நிற்பதுதான். தண்ணீரில் சாய்ந்து உட்கார்ந்து, பலகையில் காலை மாட்டிக்கொண்டு, தலைக்கு மேலே நிற்கிற பட்டத்தை ஒரு பக்கமாகச் சாய்க்க வேண்டும். அது இழுக்கிற இழுப்பிலேயே எழுந்துவிட வேண்டும்.

"நீங்களா எழுந்திரிக்காதீங்க. பட்டம் தூக்கட்டும்," என்று பயிற்சி தருகிற பெண் தொண்டை கிழியக் கத்துவாள்.

அண்ணிக்குப் பொறுக்காது. அவசரப்பட்டு எழுவாள். பட்டம் குப்புறத் தள்ளிவிடும். இரண்டாம் நாள் குடித்த உப்புத் தண்ணீரில் வாந்தியே வந்து, உடை மாற்றும் அறையில் சுருண்டு படுத்துவிட்டாள்.

ஆனாலும் விடவில்லை. போகப் போக இடுப்பு தண்ணீருக்கு மேலே வந்தது. முழங்கால் கொஞ்சம் நிமிர்ந்தது.

நாத்தனார்தான் முதல் நாள் இருந்தபடியே இருந்தாள். மூட்டை மாதிரி தொப்பென்று விழுவாள். சிரித்துக்கொண்டே திரும்பி வருவாள். இருவருக்கும் ஒரே பட்டம் என்பதால், அவள் விழுந்து முடிக்கும்வரை அண்ணி கரையில் காத்துக்கிடக்க வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கணவன் கேட்பான். "என்ன, யாராவது நின்னீங்களா?"

"எங்கேண்ணா. ரெண்டு பேரும் வயிறு முட்டத் தண்ணி குடிச்சிட்டு வரோம்."

அந்த 'ரெண்டு பேரும்' அண்ணிக்குச் சுருக்கென்று தைக்கும். இவளையும் என்னையும் ஒரே தராசிலா வைப்பது?

இன்றைக்கு அண்ணி கிட்டத்தட்ட நின்றேவிட்டாள். விழுந்த வேகத்தில், "இன்னொரு தடவை," என்றாள்.

"உங்க கை நடுங்குது. கொஞ்சம் ஆறட்டும். அடுத்து அவங்க," என்றாள் பயிற்சி தருகிறவள்.

நாத்தனார் போனாள். விழுந்தாள். பட்டத்தையும் தண்ணீரில் போட்டாள். அதை மறுபடி கிளப்புவதற்குள் காற்று அடங்கிவிட்டது.

அந்தக் கோபம்தான் காரில் வெடித்தது.

"நீ எதுக்கு வரேன்னு எனக்குத் தெரியாதா? நான் விழறதைப் பாத்துட்டுப் போய் உங்க அண்ணன்கிட்ட சொல்லிச் சிரிக்கத்தானே?"

நாத்தனார் ஈரத் துண்டைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"நாளைக்கு மட்டும் வரேனே அண்ணி. காத்து நல்லா இருக்குமாம்."

"வேண்டாம்."

"சரி அண்ணி."

மறுநாள் காலையில் அவள் பெட்டியோடு கிளம்பிவிட்டாள். வேலை கிடைத்த ஊரில் விடுதி பார்க்க வேண்டுமாம்.

"இன்னும் நாள் இருக்கே, என்ன அவசரம்?" என்று அண்ணன் கேட்டதற்கு, "சும்மாதான்," என்றாளாம்.

அவள் மடித்து வைத்துவிட்டுப் போன போர்வையைப் பார்த்தபோது அண்ணிக்கு மனசின் ஒரு மூலையில் உறுத்தியது. போகட்டும், எழுந்து நின்ற பிறகு போன் பண்ணிச் சமாதானம் சொல்லிக்கொள்ளலாம் என்று கடற்கரைக்குக் கிளம்பினாள்.

பயிற்சி தருகிறவள் பட்டத்தின் கயிறுகளை மணலில் பிரித்துக்கொண்டிருந்தாள்.

"உங்க நாத்தனார் எங்கே?"

"இனிமே வரமாட்டா. இன்னைக்கு முழுக்க எனக்குத்தான்."

பயிற்சி தருகிறவளின் கை நின்றது. பிரித்த கயிற்றைத் திரும்பச் சுற்ற ஆரம்பித்தாள்.

"ஏன், என்னாச்சு?"

"ஒருத்தரை மட்டும் வெச்சு ஆரம்ப வகுப்பு நடத்த எங்க ஆபீஸ்ல விடமாட்டாங்க. குறைஞ்சது ரெண்டு பேர் வேணும். இனி அடுத்த சீசன்ல ஆள் சேர்ந்தாதான்."

"அவளையெல்லாம் ஒரு ஆளா சேக்கறீங்களா? ஒரு தடவைகூட நிக்காதவ."

பயிற்சி தருகிறவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"நிக்காதவங்களா? ரெண்டாவது நாள் நீங்க முடியாம உள்ளே படுத்திருந்தீங்களே, அப்பவே எழுந்து அந்த மிதவை வரைக்கும் போய்த் திரும்பிட்டாங்க. மேல் வகுப்புக்கு மாத்திடறேன்னு சொன்னேன். 'நான் போயிட்டா அண்ணி வகுப்பை மூடிடுவீங்களே. அவங்க நிக்கற வரைக்கும் நான் விழுந்துக்கறேன், அவங்ககிட்ட சொல்லிடாதீங்க'ன்னு கையைப் பிடிச்சுக்கிட்டாங்க."

காற்று நன்றாகவே வீசிக்கொண்டிருந்தது.

அண்ணி காருக்குள் போய் உட்கார்ந்து போனை எடுத்தாள். முதல் மணியிலேயே நாத்தனார் எடுத்துவிட்டாள்.

"அண்ணி?" அந்தப் பக்கம் குரலில் அத்தனை ஆவல். "வகுப்பு நடத்தினாங்களா? நின்னுட்டீங்களா?"